ஐ.சி.யூ. நோயாளிக்கு டெலிரியம் இருக்கிறதா என்று படுக்கையருகே சோதிப்பது எப்படி

இரவுப் பணி முடித்துப் போகும் செவிலியர் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கும் குறிப்புகளில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது, "நோயாளி அமைதியாக இருக்கிறார், தொந்தரவு இல்லை" என்னும் வரிதான். ட்யூபைப் பிடுங்குகிறவரையும், கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறவரையும், அங்கே இல்லாத ஆளோடு சண்டை போடுகிறவரையும் யாரும் தவறவிடுவதில்லை. பத்து நிமிடத்துக்குள் டியூட்டி டாக்டர் வந்து நின்றுவிடுவார். ஆனால் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருவர், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகத் தெளிவாக இருப்பதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறார். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆளைப் பற்றியது. அவரைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதில்தான் சோதனையின் பயன் முழுவதும் இருக்கிறது.

டெலிரியம் என்பது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றி, கூடிக் குறைந்து வரும் மூளைச் செயல்பாட்டுக் கோளாறு. அதன் மையம் கவனக் குறைபாடு. நோயாளி ஒரு விஷயத்தின் மேல் மனத்தை நிறுத்த முடியாமல் தவிக்கிறார். பிதற்றலும், மாயக் காட்சிகளும், பயமும் அதோடு சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம். நம் வீடுகளில் இதைச் சன்னி அல்லது ஜன்னி என்பார்கள். பழைய சொல் என்றாலும், காய்ச்சலில் வரும் நடுக்கத்தையும் வலிப்பையும்கூட அதே சொல்லால் குறிப்பதால், மருத்துவக் குறிப்பில் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. எனவே இங்கே டெலிரியம் என்றே எழுதுகிறேன்.

கத்திக் கலவரம் செய்யும் வகை மட்டும் தனியாக வருவது உண்மையில் மிக அரிது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு 600-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், டெலிரியம் வந்தவர்களுள் கிளர்ச்சி நிலையிலேயே இருந்தவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. முற்றிலும் ஒடுங்கிய நிலையில் இருந்தவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல். மீதிப் பேர் இரண்டுக்கும் இடையே மாறி மாறி இருந்தார்கள். அதாவது, சத்தம் கேட்டால் போய்ப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் வார்டு தன் நோயாளிகளில் பெரும்பகுதியினரைத் தவறவிடுகிறது.

நான் பணிக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில், நிமோனியாவோடு வந்த வயதான அம்மா ஒருவரை ஐந்து நாள் பார்த்துக்கொண்டேன். ஐந்து நாளும் பணி மாறும்போது "நல்ல பேஷண்ட்" என்றே ஒருவருக்கொருவர் ஹேண்ட்ஓவர் கொடுத்தோம். வார்டுக்கு மாற்றப்பட்ட பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: நாங்கள் இரவில் கூடிப் பேசித் தன்னை எங்கோ கொண்டுபோகத் திட்டம் போடுவதாக நினைத்து, அசைந்தால் தெரிந்துவிடுமே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு படுத்திருந்தாராம். அந்த அமைதியை நாங்கள் தேறிவருவதன் அறிகுறியாக எழுதிவைத்திருந்தோம். தவறு எங்களுடையது, கேட்டுப் பார்க்க எங்களிடம் அப்போது ஒரு வழக்கம் இல்லை.

இதில் பயத்தைத் தாண்டிய இழப்பும் இருக்கிறது. வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளைப் பற்றி வாண்டர்பில்ட் மருத்துவர் வெஸ்லி ஈலியும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், டெலிரியம் வந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம், நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 2013-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 821 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 74 சதவீதம் பேருக்கு மருத்துவமனையில் டெலிரியம் வந்திருந்தது. அது எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்கு, ஓராண்டு கழித்தும் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் தாழ்ந்திருந்தன.

எந்தக் கருவி

பரவலாகப் பயன்படுவன இரண்டு. அமெரிக்க மருத்துவர் ஷேரன் இனோயே 1990-இல் பொது வார்டு நோயாளிகளுக்காக வகுத்த கேம் என்னும் முறையை, பேச முடியாத வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு ஏற்ப ஈலியின் குழு 2001-இல் மாற்றியமைத்தது, அதுதான் கேம்-ஐசியூ. அதே ஆண்டில் மான்ட்ரியலில் பெர்ஜெரோனும் குழுவினரும் ஐசிடிஎஸ்சி என்னும் எட்டு அம்சப் பட்டியலை உருவாக்கினார்கள். முன்னது அந்த நேரத்தில் எடுக்கும் படம் போன்றது. பின்னது ஒரு ஷிஃப்ட் முழுவதும் கவனித்தவற்றைக் கூட்டி, எட்டில் நான்கு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியம் என்று சொல்வது. இரண்டையும் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் ஏற்கிறது. ஒரு பிரிவு ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே எல்லோரும் செய்வது நல்லது. இங்கே கேம்-ஐசியூவை விளக்குகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கற்பிக்க அதுவே எளிது என்பது என் அனுபவம்.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2001-ஆம் ஆண்டின் மூல ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் இந்தச் சோதனையால் டெலிரியம் உள்ளவர்களில் 93 முதல் 100 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தார்கள். பத்தாண்டு கழித்து, நெதர்லாந்தில் பத்து ஐ.சி.யூ.க்களில் அன்றாடப் பணிக்கு நடுவே செவிலியர்கள் இதைச் செய்தபோது எவ்வளவு பிடிபடுகிறது என்று பார்த்தார்கள், 47 சதவீதம்தான். சோதனை அதேதான்; செய்யும் விதம் மாறியிருந்தது. டிக் அடிப்பதற்காகச் செய்யப்படும் கேம்-ஐசியூ, செய்யாததைவிட ஒருவகையில் மோசம். ஏனென்றால் "இல்லை" என்று எழுதிய பிறகு அடுத்தவர் யாரும் தேட மாட்டார்.

கட்டிலருகே போவதற்கு முன்

நோயாளி வழக்கமாக எப்படி இருப்பார் என்பது தெரியாமல், இப்போது மாறியிருக்கிறாரா என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் வெளியே நாற்காலியில் காத்திருக்கும் வீட்டார்தான். பார்வை நேரத்தில் உள்ளே வரும் மகளிடமோ மனைவியிடமோ, "அப்பா வீட்டுல கணக்கு வழக்கெல்லாம் அவரேதான் பாப்பாரா? பேரப்பிள்ளைங்க பேரு மறந்துபோறது உண்டா? இப்போ பாத்தீங்களே, எப்பவும் போல இருக்காரா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு, "என்னைப் பார்த்தார் சிஸ்டர், ஆனா என்னைப் பார்த்த மாதிரி இல்லை" என்று ஒருவர் சொன்னால், அதை அப்படியே எழுதிவையுங்கள். எந்த அளவுகோலும் தராத தகவல் அது. முன்பே மறதி நோய் இருந்தவருக்கும் டெலிரியம் வரலாம், எளிதாகவும் வரும். அவருடைய பழைய நிலையிலிருந்து மாறியிருக்கிறாரா என்பதே கேள்வி.

அடுத்து, கண்ணாடியும் காது கேட்கும் கருவியும். இவை பெரும்பாலும் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்கே போயிருக்கும். காது கேளாதவரிடம் கவனச் சோதனை செய்தால் நாம் சோதிப்பது அவருடைய காதைத்தான். மொழியும் அப்படியே. நம் ஊர் ஐ.சி.யூ.க்களில் இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகள் விபத்தில் அடிபட்டுப் படுத்திருப்பது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்குத் தமிழில் சோதனை செய்து "கவனமில்லை" என்று எழுதுவது நியாயமில்லை. உடன் வந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் மொழியில் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஆம்-இல்லை சைகை. இதில் நமக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நாம் தலையைத் தோளுக்குத் தோள் சாய்த்து ஆட்டும் அந்த ஆட்டம் "ஆமாம்" ஆகவும் இருக்கலாம், "சரி சொல்லுங்கள், கேட்கிறேன்" ஆகவும் இருக்கலாம், "டாக்டர் சொன்னால் சரிதான்" என்ற மரியாதையாகவும் இருக்கலாம். வாயில் ட்யூப் கட்டியிருக்கும்போது தலை நான்கு விரல் அளவுதான் நகரும். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று பார்த்தே சொல்ல முடியாது. ஆகவே தலையை நம்பாதீர்கள். "ஆமான்னா கண்ணை ஒரு தடவை இறுக்கி மூடுங்க, இல்லைன்னா ரெண்டு தடவை" என்று முதலில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர் பெயரைச் சரியாகச் சொல்லி ஒரு முறையும் தவறாகச் சொல்லி ஒரு முறையும் கேட்டு, அந்த ஒப்பந்தம் அவருக்குப் புரிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: விழிப்பு நிலை

டெலிரியத்தைத் தேடுவதற்கு முன் நோயாளி எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்று அளக்க வேண்டும். அதற்கு அமெரிக்காவின் ரிச்மண்டில் உருவான ராஸ் அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். நடுவில் பூஜ்யம்: விழிப்பாகவும் அமைதியாகவும் இருக்கிறார். மேலே +1 முதல் +4 வரை, அமைதியின்மையில் தொடங்கித் தாக்க வரும் நிலை வரை போகிறது. கீழே −1 முதல் −5 வரை மயக்கத்தின் படிகள்.

முதலில் ஒன்றும் பேசாமல் அரை நிமிடம் நின்று பாருங்கள். தானாக விழித்திருந்தால் பூஜ்யமோ அதற்கு மேலோ. கண் மூடியிருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஐயா, கண்ணைத் திறந்து என்னைப் பாருங்க" என்று சொல்லுங்கள். கண்ணைத் திறந்து உங்கள் கண்ணைப் பார்த்து, அந்தப் பார்வை 10 விநாடிக்கு மேல் நின்றால் −1. பார்த்துவிட்டு அதற்குள் சொருகிவிட்டால் −2. குரலுக்கு அசைகிறார் அல்லது கண் திறக்கிறார், ஆனால் உங்களைப் பார்க்கவில்லை என்றால் −3. குரலுக்கு ஒன்றுமே இல்லை, தோளை உலுக்கினாலோ நெஞ்செலும்பில் தேய்த்தாலோதான் அசைகிறார் என்றால் −4. அதற்கும் இல்லை என்றால் −5. அந்த 10 விநாடியை மனத்துக்குள் எண்ணுங்கள். நாம் அவசரத்தில் நான்கு விநாடியைப் பத்து என்று நினைத்துவிடுகிறோம்.

−4, −5 என்றால் சோதனையை அங்கேயே நிறுத்தி, "இப்போது மதிப்பிட இயலவில்லை" என்று எழுதிவிட்டுப் பின்னர் மீண்டும் வர வேண்டும். "இல்லை" என்று எழுதக் கூடாது. −3 முதல் +4 வரை உள்ள எல்லோருக்கும் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: நான்கு கூறுகள்

முதல் கூறு, மனநிலையில் திடீர் மாற்றம் அல்லது ஏற்ற இறக்கம். வீட்டார் சொன்ன பழைய நிலையிலிருந்து மாறியிருக்கிறாரா, அல்லது கடந்த 24 மணி நேரத்தில் ராஸ் மதிப்பெண்களோ, நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண்களோ ஏறி இறங்கியிருக்கின்றனவா? இரண்டில் ஒன்று இருந்தாலும் இந்தக் கூறு உண்டு. மிடாசோலம் என்னும் மயக்க மருந்து கொடுத்ததால் வந்த மயக்கம்தானே என்று இங்கே கழித்துவிடக் கூடாது. காரணம் எது என்பது பிறகு; இப்போது மாற்றம் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

இரண்டாம் கூறு கவனக் குறைபாடு. சோதனையின் உயிர்நாடி இதுதான். ஆங்கிலத்தில் எஸ், ஏ, வி, ஈ, ஏ, ஹெச், ஏ, ஏ, ஆர், டி என்று பத்து எழுத்துகளைச் சாதாரணக் குரலில் மூன்று விநாடிக்கு ஒன்றாகச் சொல்லி, "ஏ" வரும்போதெல்லாம் கையை அழுத்தச் சொல்வார்கள். "ஏ" வரும்போது அழுத்தாமல் விட்டால் ஒரு பிழை. மற்ற எழுத்துக்கு அழுத்தினாலும் ஒரு பிழை. மூன்று பிழையோ அதற்கு மேலோ வந்தால் கவனக் குறைபாடு உண்டு.

ஆங்கில எழுத்து பழகாதவருக்கு என்ன செய்வது? தமிழ் எழுத்தில் செய்யலாமே என்று பலருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது. "அ"வுக்கும் "ஆ"வுக்கும் வேறுபாடு வெறும் நீளத்தில்தான் இருக்கிறது. வென்டிலேட்டர் இரைச்சலுக்கு நடுவே அது காதில் விழாது. எண்களைக் கொண்டு செய்வதே மேல். எட்டு, ஒண்ணு, ஏழு, அஞ்சு, ஒண்ணு, நாலு, ஒண்ணு, ஒண்ணு, மூணு, ஆறு என்று சொல்லி, "ஒண்ணு"க்கு அழுத்தச் சொல்லலாம். "ஏ" வரும் அதே இடங்களில் இங்கே "ஒண்ணு" வருகிறது. ஆனால் "ஒண்ணு"வும் "மூணு"வும் முடியும் ஓசை ஒன்றுபோல் இருப்பதைக் கவனியுங்கள். காது மந்தமானவர் ஏமாந்துபோவார். நாங்கள் மூணை எடுத்துவிட்டுப் பத்து என்று வைத்திருக்கிறோம். எதை வைத்தாலும் பிரிவு முழுவதும் ஒரே வரிசையாக இருந்தால்தான் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட முடியும்.

செய்யும்போது உங்கள் இரண்டு விரலை அவர் உள்ளங்கையில் வையுங்கள். உள்ளங்கையில் எது பட்டாலும் தானாகப் பற்றிக்கொள்ளும் அனிச்சைச் செயல் சிலருக்கு இருக்கும். எனவே தொடங்குவதற்கு முன் "அழுத்துங்க", "விடுங்க" என்று ஒரு முறை சொல்லி, விடவும் தெரிகிறதா என்று பாருங்கள். ஆர்ட்டீரியல் லைன் (தமனியில் செருகிய மெல்லிய குழாய்) இருக்கும் கையைத் தவிருங்கள். தசை பலவீனத்தால் கையே அசையாதவருக்குக் கண் சிமிட்டலை வைத்துச் செய்யலாம். "ஒண்ணு" வரும்போது மட்டும் உங்கள் குரல் தன்னையறியாமல் உயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணைப் பார்த்து மெல்லத் தலையசைத்து ஊக்கம் கொடுப்பதும் கூடாது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம், ஆனால் விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

ஒரு நாள் காலைச் சோதனை இப்படிப் போயிற்று. நோயாளி கூப்பிட்டதும் கண் திறந்தார், பார்வை நின்றது, பிறகு சற்றுச் சொருகியது: ராஸ் −1. எட்டுக்கு அழுத்தவில்லை, சரி. ஒண்ணுக்கு அழுத்தினார், சரி. ஏழு, அஞ்சு இரண்டுக்கும் சும்மா இருந்தார். அடுத்த ஒண்ணுக்கு அழுத்தவில்லை. கண் ஜன்னல் பக்கம் போயிருந்தது: ஒரு பிழை. நாலு கடந்தது. ஒண்ணுக்கு அழுத்தினார். அடுத்த ஒண்ணுக்கு இல்லை: இரண்டு பிழை. பத்துக்கு அழுத்தினார், ஆறுக்கும் அழுத்தினார்: நான்கு பிழை. முந்தைய இரவுக் குறிப்பில் "சொன்னபடி கேட்கிறார்" என்று இருந்தது, பொய்யில்லை. ஒரு சொல்லுக்குக் கேட்டார். பத்துச் சொல்லுக்கு, அதாவது அரை நிமிடத்துக்கு, மனத்தை நிறுத்த முடியவில்லை. "கையைத் தூக்குங்க" என்ற ஒற்றைக் கட்டளை டெலிரியத்தைக் காட்டாததற்குக் காரணம் இதுதான்.

பத்தில் நான்கு இடத்தில் இலக்கு எண் வருவதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஒன்றுமே அழுத்தாமல் இருப்பவருக்கு நான்கு பிழை. எல்லாவற்றுக்கும் அழுத்துபவருக்கு ஆறு பிழை. இரண்டு ஓரத்திலும் உள்ளவர்கள் பிடிபடுவார்கள். −2, −3 நிலையில் உள்ளவர் பதிலே தராவிட்டால் "சோதிக்க முடியவில்லை" என்று விட்டுவிடாமல், பிழைகளாகவே எண்ண வேண்டும். இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறாகச் செய்கிறார்கள்.

முதல் இரண்டு கூறுகளில் ஒன்று இல்லையென்றாலும் சோதனை அங்கே முடிந்தது, கேம்-ஐசியூ எதிர்மறை, அதாவது டெலிரியம் இல்லை. இரண்டும் இருந்தால் மூன்றாம் கூறைப் பாருங்கள்: இந்த நேரத்து ராஸ் பூஜ்யமா, வேறா? பூஜ்யத்தைத் தவிர எதுவாக இருந்தாலும் கூறு உண்டு. சோதனை நேர்மறை, மேலே போக வேண்டியதில்லை. மேலே சொன்ன நோயாளிக்கு −1 என்பதால் அவரிடம் வேறு எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

ராஸ் மிகச் சரியாகப் பூஜ்யமாக இருப்பவருக்கு மட்டுமே நான்காம் கூறு, சிந்தனைக் குலைவு, தேவைப்படுகிறது. கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? ஒரு கிலோ, இரண்டு கிலோவைவிட அதிகக் கனமா? சுத்தியலால் ஆணி அடிக்கலாமா? இவை நான்கு. மறுமுறை கேட்கும்போது மனப்பாடமாகிவிடாமல் இருக்க மாற்று வரிசையும் உண்டு: இலை தண்ணீரில் மிதக்குமா, கடலில் யானை இருக்குமா, இரண்டு கிலோ ஒரு கிலோவைவிடக் கனமா, சுத்தியலால் மரம் அறுக்கலாமா. பிறகு ஒரு கட்டளை: இரண்டு விரலைக் காட்டி, "இத்தனை விரல் காட்டுங்க" என்று சொல்லுங்கள், அவர் காட்டியதும், எண்ணைத் திரும்பச் சொல்லாமல், "இப்போ அதையே இன்னொரு கையால செய்யுங்க" என்று சொல்லுங்கள். ஒரு கை செயலிழந்தவரிடம், "இன்னும் ஒரு விரல் கூட்டுங்க" எனலாம். இரண்டையும் முழுமையாகச் செய்யாவிட்டால் ஒரு பிழை. கேள்விகளும் கட்டளையும் சேர்ந்து ஒன்றுக்கு மேல் பிழை இருந்தால் நேர்மறை.

மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் பெரியவர், முதல் வரிசையில் இரண்டு பிழை வாங்கிவிடுவார். அதனால்தான் சைகை ஒப்பந்தத்தை அவ்வளவு வலியுறுத்தினேன். இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ட்யூப் எடுத்துவிட்ட ஒரு முதியவரிடம் கல் மிதக்குமா என்று கேட்டேன். "மிதக்கும்" என்றார். பிழை போடக் கை போயிற்று. அப்பர் சுவாமிகளைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது மிதக்கவில்லையா என்று அவரே தொடர்ந்து கேட்டார். பிறகு மற்ற மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். தெளிவாகத்தான் இருந்தார். பேசக்கூடியவரிடம் "எப்படிச் சொல்றீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எப்போது, எத்தனை முறை

ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். கூடிக் குறையும் நோயை ஒரு நாளில் ஒரு முறை பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. மாலையிலும் இரவிலும் அது கூடுவது வழக்கம் என்பதால், காலை ரவுண்ட்ஸில் மட்டும் செய்து முடித்துவிடும் பழக்கம் போதாது. மிடாசோலத்தை ஒரே மூச்சில் ஊசியாக (போலஸ்) போட்ட உடனேயோ, ட்ரெஸ்ஸிங் மாற்றி வலியில் இருக்கும்போதோ செய்யாதீர்கள். தினசரி செடேஷனை, அதாவது மயக்க மருந்தை, நிறுத்திப் பார்க்கும் நோயாளிக்கு, நிறுத்துவதற்கு முன் ஒரு முறையும், நிறுத்திய இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு முறையும் பார்த்தால், மருந்து இறங்கியதும் மறைந்துவிடும் டெலிரியம் எது, மறையாமல் நிற்பது எது என்று பிரித்தறியலாம். கவலைக்குரியது மறையாமல் நிற்பதுதான்.

நேர்மறை வந்தால்

முதல் வேலை குளுக்கோமீட்டரை எடுப்பது. அடுத்து ஆக்ஸிஜன் அளவு, ரத்த அழுத்தம், காய்ச்சல், ஏ.பி.ஜி. என்னும் தமனி ரத்தச் சோதனையில் கார்பன் டை ஆக்ஸைடு, சோடியம், யூரியா. புதிதாகத் தொற்று தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முதியவர்களில் செப்சிஸின் (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை) முதல் அறிகுறியே இதுவாக இருப்பது உண்டு. சிறுநீர்க் குழாய் அடைத்து வயிறு உப்பியிருக்கிறதா, மலம் எத்தனை நாளாகப் போகவில்லை, வலிக்குப் போதிய மருந்து போகிறதா என்பவை சின்ன விஷயங்களாகத் தோன்றினாலும், இவற்றைச் சரிசெய்த மாலையே தெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துச் சீட்டில் குழப்பத்தைக் கூட்டக்கூடிய மிடாசோலம், லோராசெபாம், ஃபெனிரமின், ப்ரோமெதசின் போன்றவை இருந்தால் அவை இன்னும் தேவைதானா என்று கேளுங்கள். ஒரு பக்கமாகவே கண் திரும்பி நின்றாலோ, கை கால் வலுவிழந்தாலோ, இமையோ உதடோ விட்டுவிட்டுத் துடித்தாலோ, அது டெலிரியம் என்று நிறுத்திவிடாமல் ஸ்கேனுக்கும், மூளை மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.க்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

குடிப்பழக்கம் பற்றி வீட்டாரிடம் தனியாகக் கேளுங்கள்; கூட்டத்தில் கேட்டால் இல்லை என்பார்கள். கடைசியாகக் குடித்து இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, வேகமான நாடித் துடிப்போடு வரும் குழப்பம் வேறு வகை. மற்ற இடங்களில் தவிர்க்கச் சொல்லும் லோராசெபாம் வகை மருந்தே அங்கே சிகிச்சை, கூடவே தயமின் (வைட்டமின் பி1).

கையில் ஹாலோபெரிடால் என்னும் மனநோய் மருந்தின் ஊசி தயாராக இருக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 566 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், ஹாலோபெரிடாலோ அதே வகை மருந்தான ஜிப்ரசிடோனோ கொடுக்கப்பட்டவர்களுக்கு, வெறும் சலைன் பெற்றவர்களைவிட டெலிரியம் விரைவில் தெளியவில்லை. பயத்தால் துடிப்பவருக்கும், தனக்கே ஆபத்து விளைவிப்பவருக்கும் குறுகிய காலத்துக்கு அது பயன்படலாம். நேர்மறை என்று எழுதியதும் எல்லோருக்கும் போடும் மருந்து அன்று. மாறாக, செடேஷனை நிறுத்திச் சீக்கிரமே உட்காரவைத்து நடமாடவைத்த நோயாளிகளுக்கு டெலிரியம் நீடித்த நாட்கள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்ததை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரவில் விளக்கை அணைப்பது, பகலில் திரையை விலக்குவது, கண்ணாடியை மாட்டிவிடுவது, நாள் கிழமை சொல்வது, கையைக் கட்டாமல் இருப்பது, வீட்டாரை உள்ளே விட்டுப் பேசவிடுவது இவையெல்லாம் மருந்துச் சீட்டில் வராதவை. ஆனால் எழுதி ஒட்டினால்தான் நடக்கும்.

வீட்டாருக்குச் சொல்லும்போது, "புத்தி பேதலித்துவிட்டது" என்று அவர்கள் முடிவு கட்டுவதற்கு முன் நாம் பேசிவிட வேண்டும். சிறுநீரகத்துக்கு நோய் வந்தால் சிறுநீர் குறைவது போல, உடல் நோயால் மூளையின் வேலை இப்போது தடுமாறுகிறது. பெரும்பாலும் தெளிந்துவிடும், சிலருக்குச் சில வாரம் ஆகும். அவர் ஏதாவது திட்டினால் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், மறுத்து வாதாடவும் வேண்டாம், உங்கள் குரல் கேட்டால் போதும் என்று சொல்லுங்கள். ஒடுங்கிய வகை என்றால், "தூங்கட்டும், தொந்தரவு செய்யாதீர்கள்" என்று சொல்லி அவர்களை வெளியே அனுப்பிவிடாதீர்கள்.

ஹேண்ட்ஓவரில் எழுதும் வரியும் மாற வேண்டும். அன்று காலை அந்த நோயாளிக்கு நாங்கள் எழுதியது: "காலை 9.40. ராஸ் −1. எண் சோதனையில் 4 பிழை. கேம்-ஐசியூ நேர்மறை, ஒடுங்கிய வகை. மகள் நேற்று மாலை முதல் மாற்றம் என்கிறார். சர்க்கரை 118. மிடாசோலம் நிறுத்தப்பட்டது. கண்ணாடி வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். பகல் 12 மணிக்கு மறுபடி பார்க்கவும்."